அத்துப்போகாத நோன்பு

எங்கள் வீட்டில் நோன்பு உண்டு. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குக் கழுத்து கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் நிலம் எவ்வளவு, மாடு எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் நோன்பு உண்டா என்று கேட்பார்கள். தீபாவளிக்கு மறுநாள் அமாவாசையில் புருஷனுக்காகப் பெண்சாதி பட்டினி கிடந்து, இருபத்தோரு அதிரசம் சுட்டு, முறத்தில் வைத்துக் கோயிலுக்கு எடுத்துப்போய்ப் படைத்து, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வருவதுதான் நோன்பு. எல்லா வீட்டுக்கும் அது கிடையாது. மாமியார் கையிலிருந்து மருமகள் கைக்கு வர வேண்டும். ஒரு வருஷம் நின்றுபோனால் அத்துப்போச்சு என்பார்கள். அத்துப்போனதை ஆசைப்பட்டபோது மறுபடி எடுத்துக்கொள்ள முடியாது. அதே நோன்பு நாளில் அந்த வீட்டில் ஒரு பிள்ளை பிறக்க வேண்டும், இல்லையென்றால் பசு கன்று போட வேண்டும். அப்படிக் காத்துக் காத்துக் கிழவியாகிப்போனவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருந்தார்கள்.

எங்கள் வீட்டில் அத்துப்போகவில்லை. அதற்குக் காவல் அத்தை. அப்பாவுக்கு அக்கா. கல்யாணமாகி ஆறாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். தாலி இல்லாதவள் நோன்புச் சாமானைத் தொடக்கூடாது என்பதால், சமையல்கட்டு வாசற்படிக்கு வெளியே நின்றபடி வாயாலேயே எல்லாவற்றையும் நடத்துவாள். உள்ளே அம்மா பாகு காய்ச்சிக்கொண்டிருப்பாள். வெளியே நிற்கிற அத்தை வாசனையை வைத்தே, இறக்கு என்பாள். ஒரு வருஷம்கூட அந்தக் கணக்குத் தப்பியதில்லை. அரிசி ஊறப்போடும் நாளிலிருந்து அத்தைக்கு ராஜாங்கம்தான். அம்மா கை, அத்தை வாய். இரண்டும் சேர்ந்து ஒரு நோன்பு.

அந்த வருஷம், ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்ட வருஷம். படிப்புக்கும் சர்க்கார் வேலைக்கும் எங்கள் ஜனத்துக்குத் தனியாகப் பங்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்டு மறியல். வீட்டுக்கு ஓர் ஆள் வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா கூட்டம் கூச்சலுக்குப் போகிற ஆள் இல்லை. குத்தகை நிலத்தில் கரும்பு போட்டிருந்தார். அதற்குத் தண்ணீர் கட்டவே அவருக்குப் பொழுது போதாது.

"இவ அஞ்சாவதுல வாய்ப்பாடே சொல்ல மாட்டேங்கறா. இவளுக்கா வேல ஒதுக்கப் போறாங்க?" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். சிரித்துக்கொண்டுதான் போனார்.

பிள்ளைகள் எங்களுக்குக் கொண்டாட்டம். பள்ளிக்கூடம் இல்லை, பஸ் இல்லை. வடக்கனந்தல் ரோட்டில் விழுந்துகிடந்த புளியமரங்களின் மேல் ஏறிக் குதித்தோம். பிஞ்சாய்ப் பறித்துத் தின்று பல் கூசிப்போய்த் திரிந்தோம். மலையிலிருந்து கடுக்காய் மூட்டையோடு இறங்கி வந்தவர்கள் சந்தைக்குப் போக வழியில்லாமல் மூட்டையின் மேலேயே குந்தியிருந்தார்கள். அதையும் போய் வேடிக்கை பார்த்தோம்.

மூன்றாம் நாள் ஒரு மரம் சாயவேண்டிய பக்கம் சாயாமல் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. பெரிய கிளை அப்பாவின் தலையில் இறங்கியது. நினைவு தப்பிய ஆளை மாட்டு வண்டியில் போட்டுக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் மரம். ஒவ்வொரு மரத்துக்கும் மாட்டை அவிழ்க்க வேண்டும், ஆளை இறக்க வேண்டும், வண்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்க வேண்டும், மறுபடி ஆளை ஏற்றி மாட்டைப் பூட்ட வேண்டும். அதில் பாதி மரம் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து வெட்டிப் போட்டது. காலையில் கிளம்பிய வண்டி பொழுது சாய்கிற நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தது. வழி திறந்த பிறகு அங்கிருந்து பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

சித்தப்பாதான் கூட இருந்தார். தம்பி கைக்குழந்தை, அவனுக்கும் காய்ச்சல், அதனால் அம்மா இரண்டு தடவைதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டாம் தடவை அப்பா கண்ணைத் திறந்து பார்த்தாராம், அவள் கையைப் பிடித்தாராம். அதைத் தெருவில் ஒவ்வொருத்தரிடமும் சொன்னாள். பிடித்த கை எது என்றுகூடச் சொல்லுவாள்.

இப்படியே ஐந்து வாரம் ஓடித் தீபாவளி நெருங்கியது. ஆள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அதிரசம் ஒரு கேடா, இந்த வருஷம் வேண்டாம் என்றாள் அம்மா. அத்தை விடவில்லை.

"இந்த வருஷம்தாம்மா எடுத்தே ஆவணும். அவன் எழுந்து வரணுமா, வேணாமா?"

அம்மா அரிசி ஊறப்போட்டாள். நிழலில் உலர்த்தி, ஈரம் கையில் ஒட்டும்போதே இடித்துச் சலித்து, பாகு காய்ச்சி, மாவைப் போட்டுப் பிசைந்து, பானையின் வாயைத் துணியால் கட்டி வைத்தாள். அன்றிலிருந்து அந்தப் பானைதான் அவளுக்கு எல்லாமும். வேலைக்கு நடுவில் போய்ப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். நோன்பை ஒழுங்காக முடித்துவிட்டால் அப்பா எழுந்து நடந்துவிடுவார் என்று அவள் முழுசாக நம்பியது எனக்கே தெரிந்தது. அவள் நம்பியதால் நானும் நம்பினேன்.

தீபாவளியன்று காலை. சாணியைக் கொட்டக் கொல்லைக்குப் போனேன். குப்பைமேட்டுக்கு அந்தப் பக்கம் சித்தப்பா குந்திக்கொண்டிருந்தார். காலில் செருப்பு இல்லை. அத்தை எதிரே நின்றுகொண்டிருந்தாள். முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்திருந்தாள். தோள் இரண்டும் குலுங்கியது, சத்தம் மட்டும் வரவில்லை.

அப்பா முந்தின நாளே போய்விட்டார். சித்தப்பா அதைச் சொல்லத்தான் வந்திருந்தார். அது எனக்கு அப்போது தெரியாது. அங்கே அத்தை பேசியதைச் சித்தப்பா பிற்காலத்தில் குடிக்கிற போதெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறார். சாவு என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டால் பங்காளி வீடு அத்தனைக்கும் தீட்டு. நோன்பு அந்த நிமிஷமே அத்துப்போகும். உடம்பை வாங்க எப்படியும் இரண்டு நாள் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். அதுவும் அத்தைக்குத் தோதாகப் போய்விட்டது. நாளைக்கு மத்தியானம் நோன்பு முடிகிற வரைக்கும் நீ ஊருக்குள் தலைகாட்டாதே, கரும்புக்காட்டு மோட்டார் கொட்டாயில் போய் இரு என்று சொன்னாளாம்.

"செத்தவன் திரும்பி வரப்போறதில்ல. அவன் வூட்டு நோன்பாச்சும் நிக்கட்டும்" என்றாளாம்.

அப்போதுதான் என்னைப் பார்த்தாள். வாயிலிருந்து துணியை எடுத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைக் கிட்டே கூப்பிட்டாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

"சித்தப்பா அப்பாவுக்காக வேண்டிக்கினு இருக்காரு. நோன்பு முடிஞ்சதும் கரியாலூர் தாண்டி மலைக்கோயிலுக்கு நடந்தே போவப் போறாரு. அதுவரைக்கும் அவர் வந்தது யாருக்கும் தெரியக்கூடாது. உங்கம்மாகிட்டகூட மூச்சு விடக்கூடாது. சொன்னா வேண்டுதல் பலிக்காது. அப்பா நல்லாவணும் இல்ல?"

ஆக வேண்டும் என்று தலையாட்டினேன். அப்பேர்ப்பட்ட ரகசியத்தை அதுவரை யாரும் என்னிடம் கொடுத்ததில்லை. எனக்கு அன்றைக்கு ஓர் அடி வளர்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

மத்தியானம் தூக்குவாளியில் சோறு போட்டு அத்தை என்னை மோட்டார் கொட்டாய்க்கு அனுப்பினாள். மோட்டார் ஓடவில்லை. சித்தப்பா சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தார். அப்பா எப்போது வருவார் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல், கரும்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நாளன்னிக்குக் கொண்டாந்துடுவோம்."

சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வாளியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். வரப்பில் உட்கார்ந்து அந்தச் சோற்றை நான் தின்றேன். கத்தரிக்காய்க் குழம்பு. ருசியாக இருந்தது. அதை இன்றைக்கும் என்னால் மறுக்க முடியவில்லை.

சாயங்காலம் அத்தை ஒரு புதுப் பேச்சு எடுத்தாள். நாளைக்கு அதிரசத்தை நான்தான் தட்ட வேண்டுமாம். சின்னப் பிள்ளை, எண்ணெயில் கையைக் கொடுத்துக்கொள்ளும் என்று அம்மா சொன்னாள். இந்த வூட்டுப் பொண்ணு கைக்கும் ஒரு தடவ தெரிஞ்சிருக்கணும் என்றாள் அத்தை. அதற்குப் பிறகு அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி எந்த வாத்தியாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத்துணியோடு அடுப்பங்கரைக்குள் போக வேண்டும். எச்சில் தெறிக்காமல் வாயில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். மாவை ருசி பார்க்கக்கூடாது, மோந்தும் பார்க்கக்கூடாது. பூவரச இலையில் எண்ணெய் தடவித் தட்ட வேண்டும். உடைந்தது கணக்கில் சேராது. இருபத்தொன்றுக்குக் குறையவும் கூடாது, எண்ணும்போது பேசவும் கூடாது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னாள்.

"நோன்பு முடியற வரைக்கும் வாயில நல்ல சொல்லுதான் வரணும். கெட்டத கண்ணால பாத்தாலும் வாயால சொல்லக்கூடாது. இதுதான் பெரிசு. மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான்."

மறுநாள் அப்படியே செய்தேன். முதல் அதிரசம் ஓரத்தில் விரிந்து உடைந்தது. வெளியே இருந்தே அத்தைக்குத் தெரிந்துவிட்டது. போவட்டும், அடுத்தத ஒழுங்கா போடு என்றாள். நாலைந்து ஆனதும் கை பழகிவிட்டது. நான் தட்டிக் கொடுக்க அம்மா எண்ணெயில் விட்டு எடுத்து, கரண்டியால் அழுத்தி எண்ணெயை வடித்து முறத்தில் அடுக்கினாள். பட்டினியில் அவள் உதடு வெளுத்திருந்தது, ஆனால் முகத்தில் ஒரு தெளிச்சி. அந்த ஐந்து வாரத்தில் அப்படி நான் பார்க்கவில்லை.

ஒரு பத்து அதிரசம் ஆகியிருக்கும். வாய்த்துணியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"உங்க சித்தப்பன் தீவாளிக்கு வர்றன்னு சொன்னாரே. யாராச்சும் பாத்தாங்களா, இன்னான்னு ஏதாச்சும் காதுல வுழுந்துதா?"

வாசற்படிக்கு வெளியே அத்தையின் நிழல் அசையாமல் நின்றது.

"இல்லம்மா" என்றேன்.

பொய் சொல்கிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் தோன்றியது. அம்மா துணியை மேலே ஏற்றிக்கொண்டு அடுத்த அதிரசத்துக்குக் கை நீட்டினாள்.

கோயிலுக்கு முறத்தை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். மற்ற வருஷங்களில் ஈஸ்வரன் கோயில் வாசலில் முறத்தோடு முறம் இடிக்கும். என் முறத்தை முன்னால் வை, உன் முறத்தைப் பின்னால் வை என்று சண்டை நடக்கும். அன்றைக்கு எங்களைப் பார்த்ததும் பெண்கள் எல்லோரும் ஒதுங்கி வழி விட்டார்கள். கடைசியில் போய் நின்ற எங்களைக் கூப்பிட்டு முன்னால் விட்டார்கள். ஒருத்தி என் முறத்தை வாங்கிச் சாமிக்கு நேர் எதிரே வைத்தாள். அப்பா போராட்டத்தில் அடிபட்டவர், அந்த மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டேன். அத்தை ஒரு வாயைக் கட்டினாள், ஊர் வாயை யார் கட்டுவது? சித்தப்பா வந்த பஸ்ஸிலேயே இன்னும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஊருக்கே தெரிந்திருந்தது, அம்மாவைத் தவிர.

பூசை முடிந்து கயிறு கொடுத்தார்கள். வீட்டில் எத்தனை உயிரோ அத்தனை கயிறு, தாலி இல்லாத அத்தைக்கு மட்டும் கிடையாது. ஊரில் இல்லாதவருக்கும் சேர்த்து வாங்கி வைக்க வேண்டும், அவர் வந்ததும் கட்டிவிட வேண்டும். இதையும் அத்தை சொல்லிக்கொடுத்திருந்தாள். எத்தனை என்று பூசாரி கேட்டார். அம்மா சுற்றி நின்ற பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க ஒவ்வொருத்தியும் தலையைக் குனிந்துகொண்டாள். தினம் எங்கள் வீட்டில் வந்து நெருப்பு வாங்கிக்கொண்டு போகிற பக்கத்து வீட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

அம்மா மறந்துவிட்டாள் என்று நினைத்து, நான் எல்லோருக்கும் கேட்கும்படி, "நாலு" என்றேன்.

பூசாரி நாலு கயிறு கொடுத்தார். அம்மா எனக்கு ஒன்று கட்டினாள். தம்பிக்கு ஒன்று. தனக்கு ஒன்றைக் கட்டச் சொல்லி என்னிடம் இடது கையை நீட்டினாள், நான் கட்டினேன். நாலாவதைக் கைக்குள் மடக்கிக்கொண்டாள். வீடு வருகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. நோன்பு நாளில் பேச்சைக் குறைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்களே.

வீட்டுக்கு வந்து முறத்தை வாங்கி விளக்குக்கு எதிரே வைத்தாள். விளக்கை ஏற்றினாள். விழுந்து கும்பிட்டாள். ஒன்றையும் விடவில்லை, முறைப்படி எல்லாவற்றையும் முடித்தாள். பிறகு வாசற்படிக்கு வந்து அத்தைக்கு எதிரே நின்றாள்.

"அண்ணி, நோன்பு முடிஞ்சுது. இனிமே சொல்லுங்க."

அத்தை வாயைத் திறந்தாள். அத்தனை வருஷம் வாயாலேயே நோன்பை நடத்தியவளுக்கு அன்றைக்கு வாய் எழவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எப்ப?" என்றாள் அம்மா.

"முந்தாநாள்."

அம்மா மணிக்கட்டில் கட்டியிருந்த கயிற்றையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்ப நான் யாருக்காவப் பட்டினி கெடந்தேன்?"

அம்மா அழவில்லை. முதலில் அழுதது தெருவில் நின்றவர்கள்தான். இந்த ஒரு வார்த்தை எப்போது வெளியே வரும் என்று காத்திருந்தவர்கள் மாதிரி மாரடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். சித்தப்பா கரும்புக்காட்டிலிருந்து ஓடிவந்து வாசலில் விழுந்தார். யாரும் தின்னாத இருபத்தோரு அதிரசத்தையும் சாயங்காலம் மாட்டுத்தொட்டியில் போட்டார்கள். அப்பாவை மறுநாள் கொண்டுவந்தார்கள். பெரிய ஆட்கள் சிலர் வந்து மாலை போட்டு, இவர் சிந்திய ரத்தத்துக்குப் பலன் உண்டு என்று பேசிவிட்டுப் போனார்கள்.

பலன் இருக்கத்தான் செய்தது. ஒதுக்கீடு பின்னால் வந்தது. எங்கள் வீட்டில் படித்து அதை வாங்கத்தான் ஆள் இல்லை. நான் அந்த ஐந்தாவதோடு நின்று கரும்பு வெட்டப் போனேன். தம்பியும் எட்டைத் தாண்டவில்லை. நோன்பும் அத்துப்போகவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து சித்தப்பா பெண்சாதி எடுத்தாள், அப்புறம் தம்பி பெண்சாதிக்கு வந்தது. அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். அந்த வீட்டு நோன்பு எந்தக் காலத்திலும் நின்றதில்லை என்று இன்றைக்கும் ஊரில் சொல்கிறார்கள், நானும் ஆமாம் என்கிறேன். அம்மா மட்டும் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அந்த வாசற்படிக்குப் பக்கத்தில் நின்றதில்லை. அத்தையும் அவளும் பதினெட்டு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள், ஒரே பானைச் சோற்றைத் தின்றார்கள். அண்ணி என்று அம்மா அவளைக் கூப்பிட்டது அன்றைக்கு வாசற்படியில்தான் கடைசி. அத்தை செய்தது சரியா என்று என்னைக் கேட்டால், தெரியாது என்று சொல்ல மாட்டேன். சரியில்லை. ஒரு பொம்பளையின் கண்ணைக் கட்டிச் சாமிக்கு முன்னால் நிறுத்தியது எந்தச் சாமிக்கும் ஏற்காது.

ஆனால் கண்ணைக் கட்டியதில் ஒரு முடிச்சு நான் போட்டது.

பதினாறாம் நாள் கருமாதி. அம்மா கழுத்துத் தாலியை வாங்குவதற்குத் தாலி இல்லாத கைதான் வேண்டும், அதுவும் முறை. வீட்டில் அப்படி இருந்த கை அத்தையின் கை ஒன்றுதான். எல்லாம் முடிந்து பந்தல் பிரிக்கிற நேரம், அம்மா வெள்ளைச் சேலையோடு மூலையில் உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சித்தப்பா எல்லாவற்றையும் அவளிடம் அழுது கொட்டியிருந்தார்.

"மோட்டார் கொட்டாய்க்கு நீதான் சோறு எடுத்துக்கினு போனியாமே."

"ஆமாம்மா."

"நான் கேட்டனே, அப்ப ஏன் சொல்லல?"

நோன்பு முடிகிற வரைக்கும் கெட்டதை வாயால் சொல்லக்கூடாது, அத்தை சொல்லிக்கொடுத்தது என்று ஒப்பித்தேன். ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். அம்மா சிரித்தாள். அந்தப் பதினாறு நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.

"கத்துக்குடுத்தத நல்லாத்தான் கத்துக்கினு இருக்கற."

என் தலையைத் தடவிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து தெருவுக்கு ஓடினேன். நான் நோன்பை நன்றாகக் கற்றுக்கொண்டேனென்று எங்கள் அம்மாவே சொல்லிவிட்டாள் என்று, பந்தல் கழியைச் சுற்றி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.